ப்ளஷ் ஆகற அமீன வெச்சே எபாக்சி ஃபோம்: ஒரு டிங்கி சுக்கானுக்காக செஞ்ச வேலை

சிங்கப்பூர்ல எபாக்சி (ரெசினையும் ஹார்டனரையும் கலந்தா இறுகற பிசின்) வேலை பாக்கறவங்களுக்கு ப்ளஷ் பத்தி சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்கற நேரத்துல ஒரு கோட் அடிச்சுட்டு போயிட்டா மறுநாள் வந்து தொட்டுப் பாக்கும்போது மேல வெளுப்பா, பிசுபிசுன்னு ஒரு படலம் நிக்கும், அத வெந்நீர் ஊத்தி ஸ்க்ரப் பேட் போட்டு தேய்ச்சுக் கழுவாம அடுத்த கோட் போட்டா ஒட்டாது, உரிஞ்சு வந்துரும். அது எதுனால வருதுன்னா ஹார்டனர்ல இருக்கற அமீன், ரெசினோட சேர்றதுக்கு முன்னாடியே காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடோடவும் ஈரத்தோடவும் சேர்ந்து கார்பமேட், பைகார்பனேட்னு உப்பு வகையா மாறிடுது. நம்ம ஊர்ல வருஷ சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, அதனால இது நமக்கு தினசரி தொல்லை.

ஆனா இந்த கார்பமேட்டுக்கு இன்னொரு குணம் இருக்கு. சூடு பண்ணா புடிச்சு வெச்சிருந்த கார்பன் டை ஆக்சைட விட்டுட்டு மறுபடி பழைய அமீனாவே ஆயிடும். அதாவது ஒரே பொடி, சூடு ஏறினதும் ஒரு பக்கம் ஃபோம ஊதறதுக்கு வாயு குடுக்குது, இன்னொரு பக்கம் ரெசின இறுக்கறதுக்கு ஹார்டனரும் குடுக்குது, வேலை முடிஞ்சதும் உள்ள தனியா ஒரு கழிவுப் பொருளும் மிச்சம் நிக்கறதில்ல. நமக்கு எதிரியா இருக்கற விஷயமே இங்க முழுசா உதவிக்கு வருதுன்னு புரிஞ்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, செஞ்சு பாக்காம விடக் கூடாதுன்னு தோணிருச்சு.

வேலை என்னன்னா, காக்கி புக்கிட்ல நான் இருக்கற ஃபைபர் ரிப்பேர் யூனிட்டுக்கு ஒரு அண்ணே அவர் பிள்ளைங்க ஓட்டற சின்ன பாய்மர டிங்கியோட சுக்கான் பலகைய கொண்டு வந்தாரு. வெளிய கண்ணாடி நார் தோல், உள்ள பாலியூரித்தேன் ஃபோம். ஓரத்துல ஒரு சின்ன வெடிப்பு வழியா கடல் தண்ணி உள்ள போய் ஃபோம் பழுப்பா பொடிஞ்சு போயிருந்துச்சு, தட்டினா சத்தமே மொத்தையா வந்துச்சு, எடையும் ஏறியிருந்துச்சு. வழக்கமா இந்த மாதிரி வேலைக்கு பிவிசி ஃபோம் ஷீட்ட வெட்டி ஒட்டி செதுக்குவோம், இல்லன்னா ரெண்டு பாட்டில் கலந்து ஊத்தற பாலியூரித்தேன் ஃபோம். ஷீட்ல வெட்டினா பாதிக்குப் பாதி குப்பைக்குப் போகும். பாலியூரித்தேன்ல மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கு, ஈரம் பட்டா தன்னிஷ்டத்துக்கு ஊதும், எபாக்சி தோலோட ஒட்டறதும் சுமார்தான். எபாக்சி ஃபோம்னா தோலும் உள்ள இருக்கறதும் ஒரே குடும்பம், ஒட்டு நல்லா நிக்கும், இறுகும்போது சுருங்கறது குறைவு, தண்ணிக்கும் நல்லா தாங்கும், உளி போட்டு செதுக்கலாம், மேல எந்த பெயிண்ட் அடிச்சாலும் கரையாது. "நேரம் ஆகும்ண்ணே, புதுசா ஒன்னு பண்ணிப் பாக்கறேன்"ன்னு சொன்னேன், அவரும் "அவசரம் ஒன்னும் இல்ல தம்பி, ஸ்கூல் லீவுக்குள்ள குடுத்தா போதும்"னாரு.

வாயு விஷயத்துல ஏன் இவ்வளவு யோசிக்கணும்னா, ஃபோம் தொழிலோட பழைய கணக்கே வாயுதான். முன்ன ஃபோம் ஊத சிஎஃப்சி-11 போட்டாங்க, அது ஓசோன் படலத்த அரிச்சதால 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா நிறுத்தினாங்க. அடுத்து எச்சிஎஃப்சி, அப்புறம் எச்எஃப்சி வந்துச்சு, ஓசோனுக்கு எச்எஃப்சியால கெடுதல் இல்ல, ஆனா பூமிய சூடாக்கற சக்தி ரொம்ப அதிகம். எச்எஃப்சி-134ஏ ஒரு கிலோ வெளிய போனா நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடு ஆயிரத்து சொச்சம் கிலோ போனதுக்கு சமம். அதனாலதான் 2016-ல எச்எஃப்சிய படிப்படியா குறைக்கறதுக்கு கிகாலி திருத்தம் வந்துச்சு, சிங்கப்பூரும் 2022-ல அதுக்கு ஒப்புதல் குடுத்துச்சு. ஃபோம்ல இருக்கற வாயு அடைச்சு வெச்ச இடத்துலயே நிக்காது, வருஷக்கணக்குல மெதுவா கசியும், உடைச்சுப் போடும்போது மிச்சமும் போயிடும். அதனால ஒரு சின்ன சுக்கானா இருந்தாலும் உள்ள என்ன வாயு போடறோம்ங்கறது முக்கியம்னு நான் நினைக்கறேன்.

எபாக்சிக்கு வேற வழிகளும் இருக்கு, அதெல்லாம் பாத்துட்டுதான் கார்பமேட்டுக்கு வந்தேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச வழி சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கற ஒரு வகை சிலிக்கோன் எண்ணெய், அத அமீனோட சேர்த்தா ஹைட்ரஜன் வாயு வரும். சூடே வேண்டாம், ரூம்லயே ஊதும், ஃபோமும் அழகா வரும். ஆனா வர்றது ஹைட்ரஜன், காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். பக்கத்து யூனிட்ல நாள் பூரா கிரைண்டர் ஓடுது, நான் அத தொடல.

அசோடைகார்பனமைடுன்னு ரப்பர், பிளாஸ்டிக் ஆளுங்க போடற மஞ்சள் பொடி இருக்கு. அது உடையவே 200 டிகிரி கிட்ட வேணும், மூச்சுல போனா ஆஸ்துமா மாதிரி ஒவ்வாமை வர வெக்கும்னு ஐரோப்பாவுல 2012-லயே கவலைக்குரிய பொருள் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அதுவும் வேண்டாம்.

சமையல் சோடா மலிவு, விஷம் இல்ல, பேக்கிங் சாமான் கடையில எங்கயும் கிடைக்கும். ஒரு கிராம் முழுசா உடைஞ்சா ஏறக்குறைய 145 மில்லி கார்பன் டை ஆக்சைடு வரும். சோதனைக்கு ஒரு கப்ல போட்டும் பாத்தேன், நல்லாவே ஊதுச்சு. பிரச்சினை அடுத்து நிக்கறதுதான், 100 கிராம் சோடா போட்டா 63 கிராம் சோடியம் கார்பனேட் உள்ளயே தங்கிடும், கூடவே தண்ணியும் வரும். அந்த உப்பு தண்ணிய இழுக்கற ஜாதி. வீட்டுல ஒரு அலங்காரப் பொருளுக்கு இது தாராளமா போதும், கடல்ல முங்கற சுக்கானுக்குள்ள ஒத்து வராது.

அம்மோனியம் பைகார்பனேட், இங்க யூ தியாவ்ங்கற சீன மாவுப் பலகாரம் போடறவங்களும் பிஸ்கட் பண்றவங்களும் உபயோகிக்கறது, அது முழுசா வாயுவாவே போயிடும், உப்பு மிச்சமே இல்ல. ஆனா வர்ற வாயுல அம்மோனியாவும் இருக்கு. நாத்தம் ஒரு பக்கம், அத விட எனக்கு பெரிய விஷயம் அந்த அம்மோனியாவே எபாக்சியோட போய் வினை புரியும், அதனால ஹார்டனர் கணக்கு எவ்வளவு மாறுதுன்னு கையில புடிக்க முடியாது.

வாயுவே இல்லாம மைக்ரோபலூன், அதாவது உள்ள காலியா இருக்கற கண்ணாடி நுண்குண்டுகளக் கலந்து லேசாக்கறது நம்ம தொழில்ல தினம் பண்றதுதான். நம்பகமானது, ஆனா ஒரு அளவுக்கு மேல எடை குறையாது, சுக்கான் முழுக்க அத நிரப்பினா கனம். அப்புறம் கார்பன் டை ஆக்சைட நேரடியா அழுத்தத்துல ரெசினுக்குள்ள ஏத்தி திடீர்னு அழுத்தத்த இறக்கற முறை, சுத்தமானதுல அதுதான் முதல் இடம். ஆனா வாயுவுக்கும் திரவத்துக்கும் நடுவுல இருக்கற சூப்பர்கிரிட்டிக்கல் நிலைக்கு 31 டிகிரியும் 74 பார் அழுத்தமும் தாண்டணும், அதுக்கு சான்றிதழ் வாங்கின பிரஷர் பாத்திரம் வேணும். ஒர்க்ஷாப்ல கையில வெல்ட் பண்ணி செய்யற விஷயம் அது கிடையாது, யாரும் முயற்சி பண்ணாதீங்க.

ஆக கார்பமேட். எந்த அமீன்னா ஐசோஃபோரோன் டைஅமீன், சுருக்கமா ஐபிடிஏ. தரைக்கு ஊத்தற எபாக்சிலயும் கோட்டிங்லயும் இருக்கற சாதாரண ஹார்டனர்தான். இது காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைட எவ்வளவு ஆசையா இழுக்கும்னா, 2022-ல டோக்கியோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்துல ஒரு குழு காத்துல இருந்து நேரடியா கார்பன் புடிக்கறதுக்கே இத உபயோகிச்சு, புடிச்சது வெள்ளைத் திடப்பொருளா விழுது, 60 டிகிரிக்கு சூடு பண்ணா திரும்ப வெளிய வருதுன்னு காட்டினாங்க. ஜெர்மனியில பாய்ரொய்ட் பல்கலைக்கழகத்துல பாலிமர் ஆளுங்க இதே ஐபிடிஏ கார்பமேட்ட வெச்சு எபாக்சி ஃபோம் பண்ணியிருக்காங்க. அதனால வழி புதுசு இல்ல, நம்ம மாதிரி ஒரு சின்ன இடத்துல அத எப்படி கட்டுப்படுத்தறதுங்கறதுதான் எனக்குக் கேள்வி.

பொடி செய்யறது. ஐபிடிஏவ சும்மா தட்டுல ஊத்தி வெச்சாலே நம்ம காத்துல மேல வெள்ளையா கட்டும், ஆனா மேல கட்டின ஏடு அடியில இருக்கறத மூடிக்கும், அதோட ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கும். அதனால தடிமனான ஒரு பெரிய ஜிப் பையில அகலமான தட்ட வெச்சு, தட்டுல 50 கிராம் ஐபிடிஏவ ரொம்ப மெல்லிசா பரப்பி, ஓரத்துல சிலிக்கா ஜெல் ஒரு சின்ன துணிப்பையில போட்டு, உள்ள இருக்கற காத்த அமுக்கி வெளிய தள்ளிட்டு, சோடா மெஷினுக்குப் போடற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல ரெகுலேட்டர் மாட்டி பைய உப்ப வெச்சேன். பாக்கறதுக்கே அருமையா இருக்கும், கொஞ்ச நேரத்துல பை தானா சுருங்கி தட்டோட ஒட்டிக்கும், வாயு அவ்வளவும் அமீனுக்குள்ள போயிருக்கும், தட்டு கைக்கு வெதுவெதுப்பா இருக்கும். மறுபடி நிரப்பணும், நடுவுல வெளிய இருந்தே பைய அமுக்கி அந்த ஏட்ட உடைச்சு விடணும், அப்பதான் அடியில இருக்கற திரவத்துக்கு வாயு போகும். பை சுருங்கறது நின்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

எவ்வளவு புடிச்சிருக்குன்னு தராசே சொல்லிடும், பெரிய லேப் எதுவும் வேண்டாம். ஐபிடிஏ ஒரு மூலக்கூறுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடுன்னு வெச்சா 50 கிராமுக்கு 12.9 கிராம் ஏறணும். எனக்கு 11 கிராம் கிட்ட ஏறுச்சு, அதாவது 85 சதவீதம். சிலிக்கா ஜெல்ல தட்டோட சேர்த்து எடை போட்டுறாதீங்க, அது தண்ணி குடிச்சிருக்கும், கணக்கு கெட்டுரும். வந்த கட்டிய உரல்ல போட்டு அரைச்சு மெல்லிய சல்லடையில சலிக்கணும். இந்த இடத்துல சோம்பல் படக் கூடாது, ஏன்னா ஒவ்வொரு துகளும் ஒரு குமிழோட விதை, துகள் பெருசா இருந்தா குமிழ் பெருசா, எண்ணிக்கை கம்மியா வரும். சலிக்காம போட்ட கப்பையும் சலிச்சுப் போட்ட கப்பையும் குறுக்க அறுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ரெண்டும் ஒரே சரக்குன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

இப்ப கலவைக் கணக்கு, இத எழுதி வெக்கறது அவசியம், ஏன்னா கார்பமேட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற அமீனையும் ஹார்டனர் கணக்குல சேர்த்தாகணும். என் ரெசின் சாதாரண பிஸ்ஃபீனால்-ஏ வகை, எபாக்சி சமான எடை, அதாவது வினை புரியற ஒரு பங்குக்கு எத்தனை கிராம்ங்கறது, 187. 100 கிராம் ரெசின்னா 0.535 சமானம். ஐபிடிஏவோட அமீன் ஹைட்ரஜன் சமான எடை 42.6. என் பொடி 10 கிராம்ல 8.2 கிராம் ஐபிடிஏ, 1.8 கிராம் கார்பன் டை ஆக்சைடு. அந்த 8.2 கிராம் 0.19 சமானத்த பாத்துக்கும், மிச்சம் 0.34-க்கு டி-230-ங்கற பாலிஈத்தர் அமீன், அதோட சமான எடை 60, அதனால 20.5 கிராம். கூட சிலிக்கோன் சர்ஃபாக்டன்ட் 1.5 கிராம், ஃபியூம்டு சிலிக்கா 2 கிராம். சர்ஃபாக்டன்ட் இல்லாம பண்ணா குமிழ் ஒன்னோட ஒன்னு சேர்ந்து பெருசாகி மேல வந்து உடைஞ்சுரும், ஃபோம் உக்காந்துரும். ஃபியூம்டு சிலிக்காங்கற ரொம்ப மெல்லிய தூள், கார்பமேட் பொடி அடியில படியாம தாங்கிக்கும்.

ஏன் முழுசா கார்பமேட்டே போடலன்னு கேப்பீங்க. முழு ஹார்டனரும் கார்பமேட்டா போட்டா 100 கிராம் ரெசினுக்கு மூணு லிட்டர் அளவுல வாயு வரும், அவ்வளவு வேண்டவே வேண்டாம், ஃபோம் தன்னத்தானே கிழிச்சுக்கும். இன்னொரு காரணம் அத விட முக்கியம், கலந்த உடனே ரெசின் தண்ணியா இருக்கும், அந்த நேரத்துல வாயு வந்தா மேல ஏறி ஓடிப் போயிடும். ரெசின் முன்னாடியே கொஞ்சம் கெட்டியாகி காத்திருக்கணும். அந்த கெட்டியாக்கற வேலைய ரூம் சூட்டுல டி-230 மெதுவா செய்யுது, கார்பமேட் அது வரைக்கும் சும்மா தூங்குது.

இந்த மொத்த வேலையிலயும் நான் கத்துக்கிட்டது பூரா இந்த ஒரு இடத்துலதான். வாயு வர்ற நேரமும் ரெசின் இறுகற நேரமும் ஒன்னுக்கொன்னு ஒத்துப் போகணும். சீக்கிரம் சூடு பண்ணா வாயு ஓடிடும், ஃபோம் ஏறி அப்படியே இறங்கிடும். தாமதமா சூடு பண்ணா ரெசின் ஏற்கனவே ரப்பர் ஆகியிருக்கும், வாயுவுக்கு வழி இல்லாம உள்ள வெடிப்பு வெடிப்பா கிழிக்கும். அதிரசத்துக்கு பாகு காய்ச்சறவங்க பதம் பாக்கறாங்களே அதே மாதிரிதான் இதுவும், கடிகாரத்த நம்பாம பதத்த நம்பணும். ஐஸ்கிரீம் குச்சிய விட்டு தூக்கினா, முதல்ல சொட்டு சொட்டா விழும், அப்புறம் நூலா இறங்கும், அந்த நூல் அறுந்து போகாம ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டு மெதுவா உள்ள மடிஞ்சு உக்காந்தா அதுதான் நேரம். நம்ம ஊர் வெயில் நாள்ல ஒர்க்ஷாப் 32 டிகிரி, மழை நாள்ல 27, அந்த அஞ்சு டிகிரிக்கே பதம் வர்ற நேரம் கணிசமா மாறிடும், அதனாலதான் இத்தனை மணி நேரம்னு நான் இங்க எழுதல, குச்சி வெச்சுப் பாருங்கன்னு சொல்றேன். இன்னொன்னு, மொத்தக் கலவையும் ஒரே டப்பாவுல ஆழமா வெச்சுட்டு காத்திருக்காதீங்க, நடுவுல சூடு சேர்ந்து திடீர்னு கிளம்பிடும். அகலமான தட்டுல பரப்பி வெச்சா சூடு ஏறாம ஒழுங்கா கெட்டியாகும்.

அச்சு, பழைய சுக்கான் பலகையில இருந்தே எடுத்தது. ஓரத்த சரி பண்ணி, வேக்ஸ் போட்டு, ரெண்டு பாதியா கண்ணாடி நார் அச்சு எடுத்து, வெளிப்பக்கம் அலுமினியத் தகடு வெச்சு ஒட்டினேன், சூடு எல்லா இடத்துக்கும் சமமா போறதுக்கு. பலகையோட கொள்ளளவு தண்ணியில முக்கி அளந்தா 1.1 லிட்டர். லிட்டருக்கு 300 கிராம் அடர்த்தி வேணும்னு முடிவு பண்ணேன், சுக்கான் பலகைக்கு அமுக்கு விசை வரும், பசங்க கரையில இழுத்துப் போடுவாங்க, அதுக்குக் கீழ போனா நகம் பட்டாலே பள்ளம் விழுது. அதனால ரெசின் 250 கிராம், பொடி 25, டி-230 51, மத்தது கொஞ்சம், மொத்தம் 335 கிராம். கப்ல திறந்து விட்டு ஊதினப்ப லிட்டருக்கு 250 கிராம் கிட்ட வந்துச்சு, அதனால மூடின அச்சுல அத கொஞ்சம் அமுக்கி நிறுத்தினா மூலை எல்லாம் நிரம்பும். கணக்குப்படி வர வேண்டிய வாயுல பத்துல நாலு பங்குதான் குமிழுக்குள்ள நின்னிருக்கு, மிச்சம் ஓடிருச்சு. அதுவே எனக்கு போதுமானதா இருந்துச்சு. மேல் ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் துளைங்க சில போட்டேன், அடைபட்ட காத்து வெளிய போறதுக்கு.

ஓவன 60 டிகிரில வெச்சு அச்சு முழுக்க ஒரே சூடா ஆகற வரைக்கும் விட்டு, அப்புறம் 80, அப்புறம் 100. என் கலவையில 80 கிட்டதான் ஏற ஆரம்பிச்சுது, 100 தாண்டினா வேகம் புடிக்குது. துளை வழியா ஃபோம் நுனி எட்டிப் பாத்ததும் அச்சு நிரம்பிருச்சுன்னு தெரியும், அந்த நேரத்துல இன்னும் சூட்ட ஏத்தாம அங்கயே நிறுத்தி இறுக விடணும். பலகை 20 மில்லிமீட்டர் தடிமன்தான், அதனால உள்சூடு பிரச்சினை குறைவு. ஃபோம் தானே சூட்டக் கடத்தாத பொருள், எபாக்சி இறுகும்போது தானா வேற சூடு விடும், ரெண்டும் சேர்ந்தா தடிமனான துண்டுல நடுவுல சூடு மாட்டிக்கும். ஆழமான கப்ல ஊத்தி சோதிச்சப்ப நடுப்பகுதி பழுப்பா மாறி அங்க குமிழ் பெருசா இருந்துச்சு. தடிமனா வேணும்னா அடுக்கு அடுக்கா ஊதறதுதான் சரியான வழி.

இறுகினதுக்கு அப்புறம் மறுபடி சூட்டுல வெக்கற போஸ்ட் க்யூர ரொம்ப அழுத்திச் சொல்லணும். உடையாத கார்பமேட் துளி உள்ள மிச்சம் இருந்தா அது செத்துப் போகல. ஈஸ்ட் கோஸ்ட் மணல்ல மத்தியானம் வெயில்ல கிடக்கற கருப்பு பெயிண்ட் அடிச்ச பலகை தொட முடியாத அளவுக்கு சுடும், அந்த சூட்டுல மிச்சம் இருக்கறது மெதுவா வாயு விட்டு தோலுக்கு அடியில கொப்புளம் போடும். அதனால தோல் ஒட்டறதுக்கு முன்னாடியே 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வெச்சு, முன்னயும் பின்னயும் எடை போட்டேன். எடை இறங்கறது நிக்கற வரைக்கும் தோல் போடக் கூடாது. வாயு வர வேண்டியது எல்லாம் இங்கயே வந்து முடிஞ்சிரணும்.

அறுத்துப் பாத்ததுல குமிழ் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ, ஓரத்துல ஒரு மெல்லிய கெட்டித் தோல் தானா உருவாகியிருந்துச்சு, அது நல்லதுதான். ஒரு துண்டு கனசதுரமா வெட்டி வெர்னியர்ல அளந்து எடை போட்டா லிட்டருக்கு 300-ஐ ஒட்டியே வந்துச்சு. குமிழ் மூடியிருக்கா திறந்திருக்கான்னு தெரிஞ்சுக்க அறுத்த முகத்துல மை தடவி, துடைச்சுட்டு, குறுக்க அறுத்துப் பாத்தேன், மை முதல் வரிசைக் குமிழத் தாண்டி உள்ள போகல. இன்னொரு துண்ட கடல் தண்ணியில கல்லு கட்டி முக்கி வெச்சு அப்பப்ப துடைச்சு எடை போட்டேன், ஆரம்பத்துல மேல் குமிழ்ல தங்கின தண்ணி அளவுக்கு ஏறிட்டு அப்படியே நின்னுச்சு. சமையல் சோடா போட்ட துண்டையும் அதே வாளியில போட்டிருந்தேன், அது நிக்காம ஏறிக்கிட்டே இருந்துச்சு. இந்த ஒரு ஒப்பீடு போதும் எனக்கு, தண்ணிக்குள்ள போற எதுக்கும் இனிமே சோடா வேண்டாம்.

சுற்றுச்சூழல் கணக்க நேர்மையா பாப்போம். இந்த சுக்கானுக்குள்ள நான் போட்ட கார்பன் டை ஆக்சைடு மொத்தமே அஞ்சு கிராம் கூட இல்ல, அதுல பாதிக்கு மேல ஊதும்போதே வெளிய போயிருச்சு. அதனால கார்பன புடிச்சு அடைச்சுட்டோம்னு யாரும் பெருமை பேச முடியாது. லாபம் எங்கன்னா, எச்எஃப்சி மாதிரி ஒரு வாயுவ உள்ள போடல, பத்தற ஹைட்ரஜனோ பென்டேனோ இல்ல, ஷீட் வெட்டின குப்பை இல்ல. உண்மையான சுமை ரெசின்லதான் இருக்கு, அது பெட்ரோலியத்துல இருந்து வர்றது. எபிகுளோரோஹைட்ரின கிளிசரின்ல இருந்து எடுக்கற முறை இருக்கு, தாய்லாந்துல மாப் தா புட்ல 2012-ல இருந்து அப்படி ஒரு ஆலை ஓடுது, அந்த மாதிரி ரெசின் சில்லறையில கிடைச்சா அடுத்த வேலைக்கு அதத்தான் வாங்குவேன். எபாக்சி ஃபோம உருக்கி மறுசுழற்சி பண்ண முடியாது, நம்ம ஊர்ல அது எரிஉலைக்குப் போய் சாம்பல் குப்பை கொட்டற செமக்கா தீவுக்குப் போகும், செமக்கா 2035 வாக்குல நிரம்பிடும்னு சொல்றாங்க. அதனால பலகை பல வருஷம் உழைக்கணும், அதுதான் இதுல இருக்கற பெரிய சிக்கனம். ஒட்டு, தாங்கற பலம், தண்ணி உள்ள போறது பத்தியெல்லாம் நான் இவ்வளவு பாத்ததுக்குக் காரணமும் அதுதான்.

பாதுகாப்பு. ஐபிடிஏ தோல அரிக்கும், ஒரு தடவை ஒவ்வாமை வந்துட்டா ஆயுசுக்கும் போகாது, எபாக்சி வேலையவே விட வேண்டி வந்தவங்கள எனக்குத் தெரியும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி கட்டாயம். பொடி அரைக்கும்போதும் சலிக்கும்போதும் தூசிக்கும் அமீன் ஆவிக்கும் சேர்த்து தாங்கற முகமூடி, அமீனுக்கு பச்சைப் பட்டை போட்ட கே வகை கார்ட்ரிட்ஜ். எச்டிபி அடுக்குமாடி வீட்டு சமையலறையில இத பண்ணவே பண்ணாதீங்க, சாப்பாடு வேகற ஓவன்ல இது போகவே கூடாது, அரைச்ச உரலும் அதோட சரி. கார்பன் டை ஆக்சைடு காத்த விட கனம், தரையோட தங்கும், பைய பிரிக்கறதும் ஓவன் கதவ திறக்கறதும் எக்ஸாஸ்ட் ஓடற இடத்துலதான். மிச்சம் இருக்கற ஐபிடிஏவயும் கலக்காத ரெசினையும் சிங்க்ல ஊத்தாதீங்க, மிச்சத்த ஒன்னா கலந்து மெல்லிசா பரப்பி இறுக வெச்சுட்டு அப்புறம் போடுங்க.

தோலுக்கு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை இருக்கற கண்ணாடித் துணி ரெண்டு பக்கமும் ரெண்டு அடுக்கு, ஃபோம லேசா தேய்ச்சு, தூசிய வேக்யூம்ல இழுத்துட்டு, அறுத்த இடங்கள்ல இருக்கற திறந்த குமிழ்கள மைக்ரோபலூன் கலந்த எபாக்சி பேஸ்ட்டால அடைச்சு, பேஸ்ட் இறுகறதுக்குள்ளயே துணிய மேல போட்டுட்டேன், நடுவுல ப்ளஷ் வர இடமே குடுக்கல. ஒதுக்கி வெச்சிருந்த சோதனைத் துண்டுல தோல உரிச்சுப் பாத்தப்ப ஒட்டின இடம் விடல, ஃபோமே பிஞ்சு தோலோட வந்துச்சு, அந்த மாதிரி உரியறதத்தான் நான் எதிர்பார்த்தேன். பழைய பலகை தண்ணி குடிச்சிருந்ததோட ஒப்பிட்டா எடை பாதிக்குக் கிட்ட. அண்ணே கையில தூக்கிப் பாத்துட்டு "உள்ள என்ன தம்பி வெச்ச"ன்னு கேட்டாரு, நான் கார்பமேட்ல ஆரம்பிச்சு பாகு பதம் வரைக்கும் சொன்னேன், அவரும் பொறுமையா கேட்டுட்டு அவரோட இன்னொரு படகுல சென்டர்போர்டும் (படகு நடுவுல தண்ணிக்குள்ள இறக்கற பலகை) இதே கதியில இருக்குன்னு சொன்னாரு.

அந்த சென்டர்போர்டு 30 மில்லிமீட்டருக்கு மேல தடிமன். அதுக்கு ரெண்டு மாத்தம் யோசிச்சு வெச்சிருக்கேன். ஒன்னு, பொடிய 10-ல இருந்து 8 கிராமா குறைச்சு அடர்த்திய கொஞ்சம் கூட்டறது, கூடவே டி-230-ஐ 23 கிராம் கிட்ட ஏத்தி சமானத்த சரி பண்றது. இன்னொன்னு, ரெண்டு அடுக்கா ஊதி, முதல் அடுக்கு இன்னும் முழுசா இறுகாம இருக்கும்போதே ரெண்டாவத மேல ஊத்தி நடுவுல ஒட்டுக் கோடு விழாம பாக்கறது. நடுவுல சூடு அளக்கற ஒரு தெர்மோகப்பிள் கம்பியும் புதைச்சு வெக்கப் போறேன், உள்சூடு எவ்வளவு ஏறுதுன்னு எண்ணா தெரிஞ்சாத்தான் இன்னும் தடிமனுக்குப் போகலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்.